களத்தில் சூடிய முடி

1054ஆம் ஆண்டு கொப்பம் என்ற இடத்தில் சோழப் படையும் மேலைச் சாளுக்கியப் படையும் மோதின. சோழ மன்னன் முதலாம் ராஜாதிராஜன் யானை மேல் இருந்தபடியே அடிபட்டு இறந்தான். அரசன் விழுந்ததைக் கண்டால் எந்தப் படையும் கால் தரிக்காது. சோழப் படையும் சிதறத் தொடங்கியது. அப்போது பின்னால் நின்ற தம்பி இரண்டாம் ராஜேந்திரன் தன் யானையை முன்னே செலுத்தினான். அம்புகள் அவன் உடம்பிலும் தைத்தன. ஓடியவர்கள் திரும்பினார்கள். சாளுக்கியன் சோமேசுவரன் களத்தை விட்டு ஓடினான். காயத்தோடு நின்ற தம்பிக்கு அந்தக் களத்திலேயே வீராபிஷேகம் நடந்தது. அண்ணனைக் கல்வெட்டுகள் அன்றிலிருந்து 'ஆனைமேல் துஞ்சிய' தேவர் என்றே சொல்கின்றன.

அதே 1054, செப்டம்பர் 1. இன்றைய ஸ்பெயினின் வடக்கே, பர்கோஸ் நகருக்குப் பக்கத்தில், அடாபுயெர்கா என்ற ஊர். அங்கேயும் அண்ணனும் தம்பியும் களத்தில் இருந்தார்கள், ஆனால் எதிரெதிராக. அண்ணன் கார்சியா நவாரா நாட்டு மன்னன். தம்பி ஃபெர்னாண்டோ காஸ்டில், லியோன் நாடுகளின் மன்னன். அண்ணன் செத்தான். அவனுடைய மகன் சாஞ்சோவுக்குப் பதினாலு பதினைந்து வயது. செத்தவனின் படை அந்தப் பையனைக் களத்துப் பாசறையிலேயே அரசன் என்று அறிவித்தது.

ஒரே வருஷத்தில் இரண்டு முடிகள் போர்க்களத்தில் சூட்டப்பட்டிருக்கின்றன. ஒன்று அண்ணனுக்காகப் போராடிய தம்பியின் தலையில் ஏறியது. இன்னொன்று சித்தப்பாவின் படை அப்பனைக் கொன்ற இடத்தில் மகன் தலையில் ஏறியது. இந்த இரண்டையும் ஒன்றாக வைத்துப் படித்த நாளிலிருந்து இது என் மனசை விட்டுப் போகவில்லை. ஏன் என்றால், என் பிழைப்பே அண்ணன் தம்பி சொத்துதான்.

நான் ஆட்டையாம்பட்டியில் பத்திரம் எழுதுகிறவன். கை முறுக்குக் கடைகள் இருக்கிற ரோட்டை ஒட்டித்தான் என் அறை. பாகப்பிரிவினை, தான செட்டில்மென்ட், விடுதலைப் பத்திரம், உயில் என்று நாள் முழுக்க எழுதுவது இவைதான். கிராக்கி இல்லாத மத்தியானங்களில் நீலகண்ட சாஸ்திரியின் 'சோழர்கள்' நூலும், சதாசிவ பண்டாரத்தாரின் பிற்காலச் சோழர் சரித்திரமும் மேசை மேல் விரிந்திருக்கும். வில்லங்கச் சான்றைப் பார்க்கிற அதே கண்ணோடுதான் அவற்றையும் படிக்கிறேன். யாரிடமிருந்து யாருக்குப் போனது, எந்த உரிமையில் போனது, இடையில் யார் பெயர் விட்டுப்போனது என்று தேடுவது என் பழக்கமாகிவிட்டது.

ஒரு முறை பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு பாட்டி வந்தார். கூட வந்த இரண்டு மகன்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. "கண்ணு, எங்க வூட்டுக்காரரு மேக்கால காடு சின்னவனுக்குன்னு வாயிலதான் சொன்னாரு, எழுதல. வாயில சொன்னது அவரோடயே போயிருச்சு" என்றார். "ஆத்தா, இனி எல்லாருக்கும் சமபாகந்தான். பொண்ணுங்களும் வந்து கையெழுத்துப் போடோணும்" என்றேன். அந்தப் பெரியவர் உயிரோடு இருக்கும்போதே ஒரு நாள் என்னிடம் வந்திருந்தால் அந்தச் சகோதரர்கள் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். சோழர் வீட்டுக் கதையும் ஸ்பெயின் அரசர் வீட்டுக் கதையும் பிரிகிற இடமும் இதுதான்.

இரண்டு அப்பன்மாரிலிருந்து தொடங்குகிறேன். நவாராவின் மூன்றாம் சாஞ்சோவைப் பெரிய சாஞ்சோ என்பார்கள். அன்றைய ஸ்பெயினின் தென்பாதி முஸ்லிம் அரசுகளிடம் இருந்தது. வடக்கில் நெருக்கியடித்துக் கிடந்த சிறிய கிறிஸ்தவ நாடுகளில் பலவற்றை ஒரு கைக்குள் கொண்டுவந்தவன் இந்தச் சாஞ்சோ. 1035இல் அவன் இறந்தபோது நாடு பிள்ளைகளுக்குள் பாகமானது. மூத்த கார்சியாவுக்கு நவாரா, ஃபெர்னாண்டோவுக்குக் காஸ்டில், இன்னொரு தாய்க்குப் பிறந்த ராமிரோவுக்கு அரகோன். எல்லைகளை ஒட்டி உடனே தகராறு கிளம்பியது. 1037இல் ஃபெர்னாண்டோ தன் மனைவியின் கூடப்பிறந்தவனையே போரில் வீழ்த்தி லியோனை எடுத்துக்கொண்டான். 1054இல் அண்ணனும் போனான். களத்தில் அரசனான அந்தப் பையன் சாஞ்சோவை 1076இல் பெனியாலென் என்ற இடத்தில் அவனுடைய உடன்பிறப்புகளே மலை விளிம்பிலிருந்து தள்ளிக் கொன்றார்கள். பெரிய சாஞ்சோவின் சொந்த நாடான நவாராவை இரண்டு பக்கத்து உறவுக்கார அரசர்களும் வந்து பங்குபோட்டுக்கொண்டார்கள்.

அதே காலத்தில் இங்கே முதலாம் ராஜேந்திரன். கங்கை வரைக்கும் கடாரம் வரைக்கும் படை அனுப்பியவனுடைய நாட்டுக்கு முன்னால் சாஞ்சோவின் நாடு சின்னது. பிள்ளைகளும் பலர். ஆனால் அவன் நாட்டை வெட்டவில்லை. 1018இல், தான் சாவதற்கு 26 வருஷம் முன்னதாகவே, மகன் ராஜாதிராஜனுக்கு இளவரசுப் பட்டம் கட்டி அவனையும் அரசனாக்கினான். அதிலிருந்து மகன் பெயரிலும் ஆட்சியாண்டு எண்ணிக் கல்வெட்டுகள் வெட்டப்பட்டன. 1044இல் அப்பன் இறந்தபோது மகனுடைய ஆட்சிக் கணக்கு 26 வருஷத்தைத் தொட்டிருந்தது. பட்டம் யாருக்கு என்று கேட்க ஒருவருக்கும் இடமில்லை. ஒரு தலைமுறையே அந்தப் பெயரைப் பத்திரங்களில் எழுதிப் பழகிவிட்டது.

ராஜேந்திரனும் இப்படித்தான் வந்தவன். ராஜராஜன் 1014 வரைக்கும் இருந்தான். மகனுடைய ஆட்சிக் கணக்கோ 1012இலேயே தொடங்குகிறது. ராஜாதிராஜன் தனக்குப் பிள்ளைகள் இருந்தும் தம்பி இரண்டாம் ராஜேந்திரனை 1052 வாக்கில் வாரிசாக்கினான். கொப்பத்தில் தம்பி ஏன் அவ்வளவு துணிந்து நின்றான் என்பதற்குப் பாதி விடை இதில் இருக்கிறது என்பது என் அபிப்பிராயம். அண்ணன் விழுந்த அந்த நிமிஷத்தில் அவன் ஏற்கனவே ராஜா. படைக்கும் அது தெரியும். யாரைப் பார்த்துத் திரும்புவது என்ற குழப்பம் அவர்களுக்கு இல்லை.

மற்ற பிள்ளைகளுக்கு என்ன கொடுத்தார்கள்? பொறுப்பு கொடுத்தார்கள். ராஜேந்திரன் பாண்டிய நாட்டில், மதுரையில் பெரிய மாளிகை கட்டி ஒரு மகனைச் சோழபாண்டியன் என்ற பட்டத்தோடு உட்காரவைத்தான். இரண்டாம் ராஜேந்திரனின் கல்வெட்டு ஒன்று அவன் சித்தப்பா, தம்பிகள், பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் என்று குடும்பத்தில் யார் யாருக்கு என்னென்ன பட்டம் கொடுத்தான் என்று நீளமாக அடுக்குகிறது. கங்கை, பாண்டியம் என்று ஆளுக்கொரு நாட்டுப் பெயர் அந்தப் பட்டங்களில் ஒட்டியிருக்கும். இவை அனுபவிக்கிற உரிமைதான், விற்கவோ பிரிக்கவோ உரிமை இல்லை. நாங்கள் செட்டில்மென்ட்டில் ஆயுள் வரை அனுபவிக்க என்று எழுதுகிறோமே, அந்த மாதிரி. மூலச் சொத்து ஒரே பெயரில் நின்றது.

இனி சொல்லப்போவது என்னை மிகவும் கவர்ந்த விஷயம். சோழ மன்னர்கள் பெயருக்கு முன்னால் இரண்டு பட்டங்களில் ஒன்று வரும்: ராஜகேசரி அல்லது பரகேசரி. ஒருவன் ராஜகேசரி என்றால் அடுத்தவன் பரகேசரி, அதற்கடுத்தவன் மறுபடி ராஜகேசரி. ராஜராஜன் ராஜகேசரி, ராஜேந்திரன் பரகேசரி, ராஜாதிராஜன் ராஜகேசரி, கொப்பத்தில் முடிசூடிய தம்பி பரகேசரி. வாரிசு என்று அறிவித்த அன்றே அடுத்த பட்டம் அவனுக்கு ஒதுக்கப்பட்டுவிடும்.

வாரிசு அப்பனுக்கு முன்னாலேயே செத்துவிட்டால்? இரண்டாம் ராஜேந்திரன் தன் மகன் ராஜமகேந்திரனை வாரிசாக்கினான். அப்பன் பரகேசரி, ஆகவே மகன் ராஜகேசரி. மகன் அப்பனுக்கு முன்னால் இறந்துபோனான். அதன்பின் 1063இல் வந்த தம்பி வீரராஜேந்திரனும் ராஜகேசரி என்றே எழுதினான். காலியான இடத்தை நிரப்பினானே ஒழிய, வரிசையைக் கலைக்கவில்லை.

இதைப் புரிந்துகொண்டு நூறு வருஷம் பின்னால் போனால், தமிழ்நாட்டில் எல்லோரும் பேசுகிற அந்தக் கொலைக்கு வரலாம். சுந்தர சோழன் ராஜகேசரி. அவன் மூத்த மகன் ஆதித்த கரிகாலன், வீரபாண்டியன் தலைகொண்டவன் என்று பேர் வாங்கியவன், பரகேசரி. வாரிசு அவன்தான் என்று கல்லில் இருக்கிறது. 969 வாக்கில் அவனைக் கொன்றுவிட்டார்கள். அடுத்து அரியணை ஏறியவன் அவன் தம்பி அருள்மொழி இல்லை, அப்பனின் பெரியப்பா மகன் உத்தம சோழன். அவனும் பரகேசரி. கொலையுண்டவன் விட்டுப்போன அதே இடம்.

உத்தமனுக்கு உரிமை இல்லாமல் இல்லை. அவனுடைய அப்பா கண்டராதித்தன் அரசனாக இருந்தவன். அவன் இறந்தபோது உத்தமன் சின்னக் குழந்தை, ஆகவே பட்டம் சித்தப்பா அரிஞ்சயனுக்குப் போய், அவன் மகன் சுந்தர சோழனிடம் வந்தது. மைனர் பிள்ளையின் பங்கைப் பெரியவர்கள் பார்த்துக்கொண்ட சொத்து என்று வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளை வளர்ந்து வந்து கேட்டால் யாரால் மறுக்க முடியும்? திருவாலங்காட்டுச் செப்பேடு இந்த இடத்தை அழகாகச் சொல்கிறது: குடிகள் அருள்மொழியை ஆளும்படி வேண்டினார்களாம், சிறிய தந்தைக்கு நாட்டின்மேல் விருப்பம் இருக்கும்வரை தான் அதை மனசாலும் நினைக்க மாட்டேன் என்று அவன் ஒதுங்கினானாம். உத்தமனும் அருள்மொழியைத் தனக்கடுத்த வாரிசாக ஏற்றுக்கொண்டான். அது ராஜேந்திரன் காலத்துச் செப்பேடு, பேரரசின் புகழ் பாடுவது, அதனால் கொஞ்சம் மெருகு ஏறியிருக்கலாம். ஆனால் நடந்ததும் அப்படித்தான். 985இல் உத்தமன் மறைந்ததும் அருள்மொழி ராஜராஜன் ஆனான். உத்தமனின் மகனைக் கொல்லவும் இல்லை, சிறையில் போடவும் இல்லை. மதுராந்தகன் கண்டராதித்தன் என்ற அந்த மகன் ராஜராஜன் ஆட்சியில் கோயில் நிர்வாகங்களை விசாரிக்கும் அதிகாரியாக ஊர் ஊராகப் போயிருக்கிறான். உத்தமனின் தாய் செம்பியன் மாதேவி கடைசிவரை மரியாதையோடு இருந்து கோயில் கோயிலாகக் கற்றளி எடுத்தார். இவை இரண்டும் எனக்குத் தஞ்சைப் பெரிய கோயிலுக்குக் குறையாத சாதனைகளாகத் தெரிகின்றன.

கொலைக்குத் தீர்ப்பு எழுதிய கல்லைப் பார்க்கக் காட்டுமன்னார்கோயில் போனேன். சிதம்பரத்தில் இறங்கி பஸ் மாறவேண்டும். ஊரில் உடையார்குடி அனந்தீஸ்வரர் கோயில் சுவரில் இருக்கிறது அந்தக் கல்வெட்டு. பழைய எழுத்தைப் படிக்க எனக்குத் தெரியாது. அச்சில் வந்த வாசகத்தைக் கையில் வைத்துக்கொண்டு வரிவரியாக விரலால் ஓட்டிப் பார்த்தேன். சோமன், ரவிதாசன், பரமேசுவரன் என்று பெயர்கள் வருகின்றன. ரவிதாசனுக்குப் பஞ்சவன் பிரம்மாதிராஜன் என்றும் பரமேசுவரனுக்கு இருமுடிச்சோழ பிரம்மாதிராஜன் என்றும் பட்டம். வெளியிலிருந்து வந்த கொலைகாரர்கள் இல்லை, அரசாங்கத்தில் பெரிய பதவி வகித்தவர்கள். ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டில் இவர்களுடைய சொத்தும், பிள்ளைகள், தம்பிமார், பெரியப்பன்மார், மாமன்மார் என்று சுற்றமெல்லாம் சொல்லி அவர்கள் சொத்தும் பறிமுதல் ஆனது. அப்படி வந்த நிலத்தை ஒருவர் விலைக்கு வாங்கித் தர்மத்துக்கு எழுதிவைத்த ஆவணம்தான் இந்தக் கல்வெட்டு. இது எந்த நிலம், எப்படி விற்பனைக்கு வந்தது என்பதை விளக்குவதற்காகத்தான் கொலை விவரமே வருகிறது! பத்திரத்தில் நாங்கள் எழுதுகிற சொத்து வரலாறுதான் அது. ஓர் இளவரசனின் கொலைக்கு நமக்குக் கிடைத்த சாட்சி ஒரு கிரயப் பத்திரம் என்று நினைத்தபோது, அந்தச் சுவர்முன் என் தொழிலை நினைத்துப் பெருமையாக இருந்தது.

உத்தமனுக்கு அந்தக் கொலையில் பங்குண்டா என்று வரலாற்று ஆசிரியர்கள் வெகுகாலமாக வாதிடுகிறார்கள். அவன் ஆட்சி முடியும்வரை தண்டனை தள்ளிப்போனது சந்தேகத்தைக் கிளப்புகிறது. ஆனால் கல் அவனைக் குற்றம் சொல்லவில்லை. ராஜராஜன் அவன் மகனையும் தாயையும் நடத்திய விதம் வேறு மாதிரி இருக்கிறது. ஆகவே நான் அவன் பெயரை அந்தப் பட்டியலில் சேர்க்க மாட்டேன்.

சோழர் ஏற்பாடு ஒருநாளும் முறியவில்லை என்று சொல்லவில்லை. ராஜேந்திரனின் மகன்களில் மூன்று பேர், ராஜாதிராஜன், இரண்டாம் ராஜேந்திரன், வீரராஜேந்திரன் என்று ஒருவர் பின் ஒருவராக ஆண்டார்கள். ஸ்பெயினில் பெரிய சாஞ்சோவின் மக்களுக்குக் கிடைக்காத பேறு அது. ஆனால் 1070இல் வீரராஜேந்திரன் இறந்தபின் அவன் மகன் அதிராஜேந்திரன் நிலைக்கவில்லை. மேலைச் சாளுக்கிய இளவரசன் விக்கிரமாதித்தன் வீரராஜேந்திரனின் மருமகன். அவனைப் பாடிய பில்கணர் சொல்வது இது: விக்கிரமாதித்தன் காஞ்சிக்கும் கங்கைகொண்ட சோழபுரத்துக்கும் வந்து மைத்துனனை அரியணையில் அமர்த்திவிட்டுத் திரும்பினான், துங்கபத்திரைக் கரைக்குப் போய்ச் சேர்வதற்குள் மைத்துனன் கலகத்தில் கொல்லப்பட்ட செய்தி வந்தது. அரியணையில் ஏறியவன் முதலாம் குலோத்துங்கன். வேங்கி நாட்டுக் கீழைச் சாளுக்கியன் மகன், ஆனால் தாய் அம்மங்கை தேவி முதலாம் ராஜேந்திரனின் மகள். அப்பாவைப் பெற்ற பாட்டி குந்தவை ராஜராஜனின் மகள். மனைவி மதுராந்தகியோ கொப்பத்து வீரன் இரண்டாம் ராஜேந்திரனின் மகள். பெண் வழியில் இதைவிட அழுத்தமான உரிமை யாருக்கு இருக்கும்? ஐம்பது வருஷம் ஆண்டான், நிலத்தை அளந்தான், சுங்கம் தவிர்த்தான். பட்டமும் ராஜகேசரி என்றே வைத்துக்கொண்டான், அதிராஜேந்திரன் பரகேசரி என்பதால். பிடுங்கிய முடியாக இருந்தாலும் வரிசை எண் தப்பவில்லை.

குலோத்துங்கன் அரியணை ஏறி இரண்டே வருஷம் கழித்து, 1072இல், ஸ்பெயினில் அடாபுயெர்காவில் ஜெயித்த ஃபெர்னாண்டோவின் வீடு எரிந்தது. அண்ணனைக் களத்தில் பறிகொடுத்த பின்னும் அவன் அப்பன் செய்ததையே செய்தான்: சாஞ்சோவுக்குக் காஸ்டில், அல்ஃபோன்சோவுக்கு லியோன், கார்சியாவுக்குக் கலீசியா. 1065இல் செத்தான். சாஞ்சோ தம்பிகள் இரண்டு பேரையும் விரட்டினான். கடைசியில் அக்கா உர்ராகாவின் கோட்டை நகரமான ஸமோராவை முற்றுகையிட்டபோது அந்த மதிலுக்கு வெளியே குத்திக் கொல்லப்பட்டான். விரட்டப்பட்ட அல்ஃபோன்சோ திரும்பி வந்து எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டான். இன்னொரு தம்பி கார்சியாவைப் பிடித்துச் சிறையில் வைத்தான். அவன் 1090இல் சிறையிலேயே இறந்தான். அல்ஃபோன்சோவின் ஒரே மகன் போரில் மடிய, 1109இல் மகள் உர்ராகா அரசியானாள். மகளை அரியணையில் உட்காரவைக்கச் சோழருக்குத் தோன்றவில்லை. அந்த ஒரு விஷயத்தில் ஸ்பெயின்காரர்கள் நம்மை முந்திவிட்டார்கள்.

பாண்டியர் வீட்டில் நடந்தது இன்னும் மோசம். மாறவர்மன் குலசேகரன் பட்டத்தரசியின் மகன் சுந்தர பாண்டியனை விட்டு இன்னொரு மகன் வீரபாண்டியனை முன்னிறுத்த, 1310இல் சுந்தரன் அப்பனையே கொன்றான் என்று பாரசீக ஆசிரியர் வஸ்ஸாஃப் எழுதியிருக்கிறார். சகோதரர்கள் அடித்துக்கொண்டிருந்த நேரத்தில், 1311இல், டில்லி சுல்தானின் தளபதி மாலிக் காஃபூரின் குதிரைகள் மதுரைக்கு வந்துவிட்டன.

ஆனால் இந்தக் கதைகளிலெல்லாம் என் மனசுக்குப் பிடித்த ஆள் ராஜா கிடையாது, ஒரு சோழ அதிகாரி. அவரிடம் வருவதற்கு முன் காஸ்டிலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். 1158இல் காஸ்டில் மன்னன் மூன்றாம் சாஞ்சோ இறந்தபோது அவன் மகன் எட்டாம் அல்ஃபோன்சோவுக்கு மூன்று வயது நிறையவில்லை. குழந்தையை யார் வைத்துக்கொள்வது என்று லாரா குடும்பமும் காஸ்ட்ரோ குடும்பமும் ஆயுதம் எடுத்தன. லியோன் அரசனான சித்தப்பாவும் நடுவில் புகுந்தான். பையன் தலையெடுக்கும்வரை நாடு பற்றி எரிந்தது.

அதற்குச் சில வருஷம் பின்னால், 1160களில், இங்கே இரண்டாம் ராஜராஜன். அவனுக்குப் பிள்ளைகள் இரண்டு, வயது ஒன்றும் இரண்டும். அவ்வளவு சின்னக் குழந்தைகளை நம்பி நாட்டை விட முடியாது என்று விக்கிரம சோழனின் பேரன் எதிரிலிப்பெருமாளை வரவழைத்து வாரிசாக்கிவிட்டுத்தான் கண் மூடினான். ஆனால் குழந்தைகள் உயிருக்கு ஆபத்து வந்தது. திருச்சிற்றம்பலமுடையான் பெருமானம்பிப் பல்லவராயர் என்ற அதிகாரி அவர்களையும் அந்தப்புரத்தையும் ஆயிரத்தளி அரண்மனையிலிருந்து கிளப்பிப் பத்திரமான இடத்துக்குக் கொண்டுபோய்க் காத்தார். பிறகு ராஜா சொல்லிவிட்டுப் போன எதிரிலிப்பெருமாளுக்கே இரண்டாம் ராஜாதிராஜன் என்ற பெயரில் முடிசூட்டி வைத்தார். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு தானே ஆண்டிருக்கலாம். காஸ்டிலில் அதற்காகத்தானே ரத்தம் ஓடியது? இவர் செய்யவில்லை. பிறகு பாண்டிய நாட்டு வாரிசுச் சண்டையில் இலங்கைப் படை புகுந்தபோதும் அதைத் துரத்தியவர் இவர்தான்.

இதெல்லாம் நமக்குத் தெரிவது மயிலாடுதுறைப் பக்கம் பல்லவராயன்பேட்டைக் கோயில் கல்வெட்டால். அதுவும் நில ஆவணம்தான். பல்லவராயர் நோயில் இறந்தபின், அவர் செய்த உதவிகளை எல்லாம் எழுதிவிட்டு, அரசன் இரண்டாம் ராஜாதிராஜன் அவர் குடும்பத்தாருக்கு வரியில்லாமல் நிலம் கொடுத்திருக்கிறான்.